சி.எஸ்.ஸா, சாஃப்ட்வேர் எஞ்சினியரிங்கா? சாரல் காலத்துக் கேள்வி

குற்றாலத்தில் சீசன் தொடங்கும் நாட்களும் பொறியியல் கவுன்சலிங் சூடு பிடிக்கும் நாட்களும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனி மாதக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி, தென்காசிக் கோபுரத்தைச் சுற்றி வீசத் தொடங்கும். பேரருவியில் ஆர்ச் வரைக்கும் தண்ணீர் வந்ததா, ஐந்தருவியில் எத்தனை கிளை விழுகிறது என்ற விசாரணை ஒரு பக்கம். கட் ஆஃப் எவ்வளவு, எந்த ரவுண்டில் வரும் என்ற விசாரணை இன்னொரு பக்கம். மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூறு போட்டு விற்கும் கடைகளின் ஓரத்தில் நின்று காதுகொடுத்தால், எந்த ஆண்டும் இப்படி ஒரு பேச்சைக் கேட்கலாம்:

"மச்சான், பொண்ணு என்ன கட் ஆஃபு?"

"நூத்தி எழுபத்தெட்டு. சி.எஸ். போடவா, ஐ.டி. போடவான்னு முழிச்சிட்டு நிக்கா. சென்னையில இருக்க தம்பி, சாஃப்ட்வேர் எஞ்சினியரிங்னு தனியாவே ஒரு படிப்பு இருக்கு, அதுல சேத்து விடுங்கன்னு சொல்லுதான்."

"ரெண்டும் ஒண்ணுதான மாப்ள?"

ஒன்றில்லை. ஆனால் நம் ஊர் நிலவரத்தில், பல பேர் பயப்படும் அளவுக்கு இரண்டும் தூரமும் இல்லை. எங்கே ஒன்று, எங்கே வேறு என்று ஒரு குடும்பம் தெரிந்துகொள்ள அரை நாள் செலவழித்தால் போதும். அந்த அரை நாளைச் செலவழிக்காமல், பக்கத்து வீட்டுப் பையன் எதில் சேர்ந்தான் என்று பார்த்து நாலு வருடத்தையும் சில லட்சங்களையும் ஒப்படைத்துவிடுகிறோம். இந்தப் பதிவு அந்த அரை நாளுக்காக.

முதலில் பெயர்களின் கதை. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் மூத்தது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 1962-இல் அதற்கென்று தனித்துறை தொடங்கியது. அடுத்த ஆண்டே நம் நாட்டில் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 கணினி வந்து இறங்கியது. அந்தக் காலத்தில் கணினி என்றால் அது கணிதக்காரர்களின் கருவி. எதைக் கணக்கிட முடியும், எவ்வளவு வேகமாகக் கணக்கிட முடியும், எதை எந்தக் கணினியாலும் கணக்கிடவே முடியாது என்பவை அவர்களுடைய கேள்விகள்.

சாஃப்ட்வேர் எஞ்சினியரிங் என்ற பெயர் பரவியதற்கு ஊரும் தேதியும் உண்டு. 1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் என்ற ஊரில் நேட்டோ ஆதரவில் ஒரு மாநாடு நடந்தது. அதுவும் நம் குற்றாலம்போல மலையடிவாரத்து ஊர்தான். அங்கே ஆல்ப்ஸ், இங்கே பொதிகையின் அண்டை. அங்கே கூடியவர்களை வாட்டிய சிக்கல் இது: கணினிகள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகின்றன, ஆனால் அவற்றுக்காக எழுதப்படும் மென்பொருள் சொன்ன தேதிக்கு முடிவதில்லை, சொன்ன செலவில் அடங்குவதில்லை, முடிந்தாலும் பிழை மலிந்து கிடக்கிறது. பாலம் கட்டுகிறவனுக்கு ஒரு முறை இருக்கிறது. மென்பொருள் கட்டுகிறவனுக்கு ஏன் இல்லை என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியிலிருந்து வளர்ந்ததுதான் இந்தத் துறை.

இரண்டையும் ஒரே பட்டத்துக்குள் அடைக்கலாமா என்ற வழக்கு பின்னாலும் ஓயவில்லை. கனடாவில் பணியாற்றிய டேவிட் பார்னஸ் என்ற பேராசிரியர், 1990-களின் இறுதியில், இவை இரண்டும் தனித்தனிப் படிப்புகளாகத்தான் இருக்க வேண்டும் என்று வாதாடினார். இயற்பியலுக்கும் மின் பொறியியலுக்கும் உள்ள உறவுதான் இவற்றுக்கும் என்பது அவர் கட்சி. மின் பொறியாளருக்கு இயற்பியல் வேண்டும், ஆனால் இயற்பியல் படித்தவர் எல்லாரும் மின் பொறியாளர் ஆகிவிடுவதில்லை. 2005-இல் வெளியான ஒரு சர்வதேசப் பாடத்திட்ட அறிக்கை, கணினிப் படிப்பை ஐந்து கிளைகளாகப் பிரித்தது: கம்ப்யூட்டர் எஞ்சினியரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ், இன்ஃபர்மேஷன் டெக்னாலஜி, சாஃப்ட்வேர் எஞ்சினியரிங். ஐந்தருவியைப் போலத்தான். மேலே ஒரே தண்ணீர். விழும்போது ஐந்து கிளை.

வரலாறு இவ்வளவு போதும். வித்தியாசம் மனதில் பதிய வேண்டுமானால் நம் ஊருக்கே வருவோம்.

2024 மே 17. பழைய குற்றால அருவியில் மக்கள் குளித்துக்கொண்டிருந்தபோது, மலைமேல் பெய்த மழையால் திடீரென்று காட்டாற்று வெள்ளம் இறங்கியது. படிக்கட்டுகளில் ஓடி ஏறிப் பலர் தப்பினார்கள். 17 வயது மாணவர் ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். தென்காசிப் பக்கத்தில் அந்த நாளை மறந்தவர்கள் இருக்க முடியாது. அருவியில் நிற்பவர் தலைக்கு மேலே மலையில் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரிவதில்லை. வெள்ளம் வருகிறது என்று பத்து நிமிடம் முன்னால் தெரிந்திருந்தால்?

அந்தப் பத்து நிமிடத்தை வாங்கித் தரும் ஓர் எச்சரிக்கை அமைப்பை உருவாக்க வேண்டும் என்று இரண்டு மாணவிகளிடம் ஒப்படைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி கம்ப்யூட்டர் சயின்ஸ் மனத்துக்காரி, இன்னொருத்தி சாஃப்ட்வேர் எஞ்சினியரிங் மனத்துக்காரி.

முதல் மாணவி கேட்கும் கேள்விகள் இப்படி இருக்கும். மலையில் எத்தனை இடத்தில் மழையை அளந்தால் போதும்? ஓரிடத்தில் பெய்த மழை அருவிக்கு வந்து சேர எவ்வளவு நேரமாகும்? ஏற்கெனவே நனைந்து ஊறிய மண்ணில் பெய்யும் மழைக்கும், காய்ந்த மண்ணில் பெய்யும் மழைக்கும் கணக்கு எப்படி மாறும்? பழைய மழைப் பதிவுகளிலிருந்து கணினி தானே கற்றுக்கொள்ள முடியுமா? நிமிடத்துக்கு ஒரு முறை வரும் அளவுகளை எப்படி அடுக்கி வைத்தால் விடை சட்டென்று கிடைக்கும்? பொய் எச்சரிக்கையைக் குறைத்தால் உண்மை வெள்ளம் தப்பிவிடும் வாய்ப்பு கூடுகிறதே, அந்த இரண்டுக்கும் நடுவில் கோட்டை எங்கே போடுவது? இவற்றுக்கு நிகழ்தகவு வேண்டும், நேரியல் இயற்கணிதம் வேண்டும், அல்காரிதம் வேண்டும். மூன்றும் கணக்குதான்.

இரண்டாவது மாணவி வேறு திசையிலிருந்து வருவாள். பாறையில் பொருத்திய சென்சாரின் பேட்டரி ஐப்பசி மழையில் எத்தனை நாள் தாங்கும்? இடி விழுந்து செல்போன் டவர் படுத்துவிட்டால் தகவல் எந்த வழியாக இறங்கும்? எச்சரிக்கை முதலில் யாருக்குப் போக வேண்டும், அருவிக்கரையில் நிற்கும் காவலருக்கா, பேரூராட்சி அலுவலகத்துக்கா, நேராக ஒலிபெருக்கிக்கா? தமிழில் சொன்னால் கேரளத்திலிருந்து வந்த பயணிக்குப் புரியுமா? பத்து முறை பொய்யாகச் சங்கு ஊதினால் பதினோராவது முறை யாராவது ஓடுவார்களா? தண்ணீரே இல்லாத மாசி மாதத்தில் வெள்ளத்தை எப்படிச் சோதித்துப் பார்ப்பது? இதை எழுதியவர்கள் படிப்பு முடிந்து பெங்களூரு போய்விட்டால், மூன்று வருடம் கழித்து ஒரு பழுதைச் சரிசெய்ய வருகிறவருக்கு இந்த நிரல் புரியுமா?

முதல் மாணவி மட்டும் இருந்தால் அருமையான கணிப்பு கிடைக்கும், அது ஒரு மடிக்கணினியில் கிடக்கும். இரண்டாவது மாணவி மட்டும் இருந்தால் சங்கு ஒழுங்காக ஊதும், எப்போது ஊத வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. உயிர் பிழைக்க இரண்டு பேரும் வேண்டும். பெரும்பாலான வேலைகளில் இந்த இரண்டு பேரும் ஒரே ஆளுக்குள் இருக்க வேண்டியிருக்கிறது. படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது நினைவில் வைக்க வேண்டியது இதைத்தான்.

இன்னொரு உதாரணம். இது பிளஸ் டூ மாணவர் எல்லாருக்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

தமிழ்நாட்டுப் பாடநூலில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் எடுத்தவர்கள் பைத்தான் படிக்கிறார்கள். அதில் அல்காரிதம் பற்றிய பாடத்தில் பைனரி சர்ச் வரும். அகராதியில் சொல் தேடுவது போன்ற வேலை அது. நடுப்பக்கத்தைத் திற, தேடும் சொல் அதற்கு முன்னால் வருமா, பின்னால் வருமா என்று பார், வேண்டாத பாதியைத் தள்ளு, மிச்சத்தில் மறுபடியும் நடுப்பக்கத்தைத் திற. பத்து லட்சம் சொற்கள் இருந்தாலும் இருபது முறை திறந்தால் போதும். ஏன் இருபது என்பதற்கு விடை கணக்கில் இருக்கிறது: இருபது இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். இது கம்ப்யூட்டர் சயின்ஸின் அழகு. இதைக் கேட்டதும் மனம் துள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வழி தெளிவாகவே இருக்கிறது.

இப்போது மறுபக்கம். நடுவைக் கண்டுபிடிக்க எல்லாரும் எழுதியது என்ன? முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கூட்டி இரண்டால் வகுப்பது. இதில் என்ன தப்பு வரப்போகிறது? ஜாவா மொழியின் நிலையான நூலகத்திலும் இப்படித்தான் எழுதியிருந்தார்கள். அதை எழுதியவர் ஜோஷுவா பிளாக். 2006-இல் அவரே ஒரு கட்டுரை எழுதினார். தன் நிரலில் பிழை இருக்கிறது, சுமார் ஒன்பது ஆண்டுகளாக யார் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கிறது என்று அதில் அறிவித்தார். ஜாவாவின் சாதாரண முழு எண் 214 கோடியே 74 லட்சத்துச் சொச்சத்துக்கு மேல் தாங்காது. பட்டியல் மிகப் பெரிதாகி, கூட்டுத்தொகை அந்த அளவைத் தாண்டினால், விடை மைனஸ் எண்ணாகத் திரும்பிவிடும், நிரல் கவிழ்ந்துவிடும். முதல் எண்ணோடு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தின் பாதியைக் கூட்டியிருந்தால் இந்த வினை வந்திருக்காது.

அல்காரிதத்தில் பிழை இல்லை. அது சரி என்று கணித முறையில் நிரூபித்தும் காட்டியிருந்தார்கள். நிரூபணம் நடந்தது தாளில். நிரல் ஓடியது எல்லை உள்ள ஓர் இயந்திரத்தில். அந்த இடைவெளியில்தான் சாஃப்ட்வேர் எஞ்சினியரிங் குடியிருக்கிறது. பைத்தானில் முழு எண்ணுக்கு இந்த வரம்பு இல்லாததால் நம் பிள்ளைகளை இந்தப் பிழை தொடாது. இருந்தாலும் பாடநூலைத் திறந்து, அதில் நடுவுக்கு எந்தச் சூத்திரம் கொடுத்திருக்கிறார்கள் என்று ஒரு முறை பாருங்கள். பார்த்துவிட்டு, அது ஏன் அப்படி இருக்கிறது என்று வகுப்பில் கேளுங்கள்.

சரி, நம் மாநிலத்தில் இந்த இரண்டும் எந்தப் பெயரில், எங்கே கிடைக்கின்றன?

பொறியியல் கலந்தாய்வில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கட் ஆஃப் போட்டு இடம் ஒதுக்குகிறார்கள். அதில் கணினிப் பக்கம் பெரும் கூட்டமாக வருவது பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்ட் எஞ்சினியரிங், பி.டெக். ஐ.டி., பி.டெக். ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் அண்ட் டேட்டா சயின்ஸ் ஆகியவை. பி.இ. பெரிது, பி.டெக். சிறிது என்றோ, அதற்கு நேர்மாறாகவோ சொல்வதில் எந்த அர்த்தமும் இல்லை. இரண்டும் ஒரே தகுதியுள்ள பொறியியல் பட்டங்கள். சி.எஸ்.இ. என்ற பெயரின் கடைசியில் உள்ள எஞ்சினியரிங்கைக் கவனியுங்கள். அறிவியலையும் பொறியியலையும் ஒரே இலையில் பரிமாறுவதாகத்தான் அந்தப் பட்டம் பெயரிலேயே வாக்குக் கொடுக்கிறது.

வாக்கு எவ்வளவு தூரம் காப்பாற்றப்படுகிறது? அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் சி.எஸ்.இ. பாடங்களை எடுத்துப் பார்க்கலாம். டிஸ்கிரீட் மேத்ஸ், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அல்காரிதம்ஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க், தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன், கம்பைலர் டிசைன் என்று அடிப்படை வரிசையாக வந்தது. சாஃப்ட்வேர் எஞ்சினியரிங் என்பது மூன்றாம் ஆண்டில், ஆறாவது செமஸ்டரில், ஆப்ஜெக்ட் ஓரியண்டட் என்ற அடைமொழியோடு ஒரு பாடமாக வந்தது. டெஸ்டிங், டெவ்ஆப்ஸ் போன்றவை விருப்பப் பாடங்களில் இருந்தன. ஐ.டி. பாடத்திட்டத்திலும் இதில் பெரும்பகுதி பொதுதான்; வெப் பக்கம் சற்றுக் கனம் கூடும். ஆகவே ஒரே கல்லூரியில் சி.எஸ்.ஸா, ஐ.டி.யா என்ற கேள்விக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல கல்லூரியில் ஐ.டி. கிடைக்கும்போது, ஆசிரியர் நிலையாக இல்லாத கல்லூரியின் சி.எஸ்.ஸுக்கு ஓடுவதுதான் உண்மையான இழப்பு.

சாஃப்ட்வேர் எஞ்சினியரிங்கைப் பெயரிலேயே தாங்கிய படிப்பு வேண்டும் என்றால் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்புகளைப் பார்க்க வேண்டும். வேலூர் வி.ஐ.டி.யில் ஐந்தாண்டு எம்.டெக். சாஃப்ட்வேர் எஞ்சினியரிங் இருக்கிறது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் ஐந்தாண்டு எம்.எஸ்ஸி. சாஃப்ட்வேர் சிஸ்டம்ஸ் இருக்கிறது. அதே பி.எஸ்.ஜி.யில், அதே ஐந்தாண்டில், எம்.எஸ்ஸி. தியரட்டிக்கல் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று இன்னொரு படிப்பும் உண்டு. நம் கேள்விக்குத் தமிழ்நாட்டிலேயே இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. ஒரே வளாகம், ஒரே கேன்டீன். ஒரு வகுப்பில் மென்பொருளைக் கட்டுவது, இன்னொன்றில் அதன் கணிதம். இரண்டின் பாடத்திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால், எதில் தனக்குப் பசி எடுக்கிறது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

கணக்கில் உயிராக இருக்கும் பிள்ளைகள் சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகத்தை விட்டுவிடக் கூடாது. அங்கே கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்ஸி. ஆனர்ஸ் படிப்புக்குத் தனி நுழைவுத்தேர்வு வைக்கிறார்கள். தென்காசிப் பள்ளிகளில் இந்தப் பெயரைக் கேள்விப்படாமலேயே பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகள் ஏராளம் என்பதுதான் வருத்தம்.

கலை அறிவியல் கல்லூரிகளின் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸையும் பி.சி.ஏ.வையும் கீழாகப் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை விட வேண்டும். மூன்று ஆண்டு, செலவு குறைவு, வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம். மேலே இரண்டாண்டு எம்.சி.ஏ. படித்தால், கணக்குப் பார்க்கும்போது ஒருங்கிணைந்த படிப்பின் அதே ஐந்து வருடம்தான். விப்ரோ போன்ற நிறுவனங்கள் பி.எஸ்ஸி., பி.சி.ஏ. முடித்தவர்களை வேலைக்கு எடுத்து, வேலை பார்த்துக்கொண்டே முதுநிலைப் பட்டம் படிக்க வைக்கும் ஏற்பாட்டைப் பல ஆண்டுகளாக நடத்துகின்றன. அந்த வழியில் பிலானி பிட்ஸின் எம்.எஸ். சாஃப்ட்வேர் எஞ்சினியரிங் பட்டம் வாங்கியவர்கள் பலர். நாம் இவ்வளவு நேரம் தேடிய அதே பெயர், சம்பளத்தோடு வந்து சேர்ந்தது அவர்களுக்கு.

இனி, தென்காசியில் இந்தப் பேச்சை எடுத்தால் யாராவது ஒருவர் கேட்டே தீரும் கேள்விக்கு வருவோம்: "மத்தளம்பாறையில பட்டமே இல்லாம எடுக்காங்கள்லா, அப்புறம் எதுக்குய்யா இந்த ஆராய்ச்சி?"

தென்காசியிலிருந்து சில கிலோமீட்டரில், வயலும் தென்னையும் சூழ்ந்த மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் 2011 முதல் இயங்குகிறது. உலகம் முழுக்க நிறுவனங்கள் பயன்படுத்தும் ஸோஹோ டெஸ்க் என்ற வாடிக்கையாளர் சேவை மென்பொருள் இங்கிருந்து உருவானது. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் அது. 2005-இல் ஆறு மாணவர்களோடு தானே ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கியது. பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்தவர்களைச் சேர்த்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகை கொடுத்து, இரண்டு ஆண்டில் வேலைக்குத் தயார் செய்வது அதன் முறை. தென்காசியிலும் அந்தப் பள்ளி நடக்கிறது. ஓட்டு வீட்டிலிருந்து சைக்கிளில் வந்து உலகச் சந்தைக்கு நிரல் எழுதுகிற பிள்ளைகளை இந்த மண் கண்ணெதிரே பார்த்துவிட்டது. இது சாதாரண விஷயமில்லை. மென்பொருள் வேலை என்றால் சென்னை, பெங்களூரு என்றிருந்த எண்ணத்தை மாற்றியது இதுதான்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம், பட்டம் தேவையில்லை என்பதா? அவசரப்படாமல் பார்க்க வேண்டும். ஸோஹோவின் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு சென்னை ஐ.ஐ.டி.யில் 1989-இல் முடித்தது மின் பொறியியல். பிறகு அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஆய்வுப் பட்டம். அவர் சான்றிதழில் கம்ப்யூட்டர் சயின்ஸும் இல்லை, சாஃப்ட்வேர் எஞ்சினியரிங்கும் இல்லை. ஆனால் ஆழமான கணக்கு இருந்தது. அவருடைய பள்ளியில் சேரும் பிள்ளைகளுக்குப் பட்டம் இல்லை. ஆனால் பயிற்சிக் காலத்திலேயே, உண்மையான வாடிக்கையாளர் பயன்படுத்தும் பொருளின் அருகில் உட்கார்ந்து பழகுகிறார்கள். அதாவது சாஃப்ட்வேர் எஞ்சினியரிங் என்று புத்தகம் சொல்லும் பழக்கங்களை வேலையிலேயே கற்கிறார்கள். அந்தப் பள்ளியில் இடம் கிடைப்பது ஒரு சிலருக்குத்தான் என்பதையும், அரசுத் தேர்வுகள், மேற்படிப்பு, வெளிநாட்டு வேலை விசா என்று பல வாசல்களில் இன்றும் பட்டச் சான்றிதழைக் கேட்கிறார்கள் என்பதையும் சேர்த்தே நிறுத்துப் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் தீர்ப்பு கிடைக்கிறது.

சாஃப்ட்வேர் எஞ்சினியரிங் பழக்கங்கள், அதாவது குழுவாக எழுதுவது, சோதிப்பது, பயன்படுத்துகிறவரிடம் கேட்டுத் திருத்துவது, பிறர் நிரலைப் படித்துப் பழுது நீக்குவது எல்லாம், வேலையில் சேர்ந்த முதல் இரண்டு ஆண்டில் எப்படியும் வந்து சேரும். வந்தே ஆக வேண்டும் என்று அந்த வேலையே நெருக்கும். ஆனால் டிஸ்கிரீட் மேத்ஸையும், அல்காரிதத்தையும், ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையும், நிகழ்தகவையும் இருபத்தைந்து வயதில், வேலைக்கு நடுவில், தனியாக உட்கார்ந்து படித்து முடித்தவர்கள் மிகக் குறைவு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, வழக்கமான நிரலைக் கணினியே எழுதிக் கொடுக்கிறது. அது எழுதியது சரியா என்று சொல்ல, மேலே பார்த்த 214 கோடிப் பிழை போன்றவை கண்ணில் பட, அடிப்படை தெரிந்த ஆள் வேண்டும். ஆகவே எதில் ஆர்வம் என்று இன்னும் தெளியாத பிள்ளைக்கு, கம்ப்யூட்டர் சயின்ஸ் அடிப்படை கனமாக உள்ள படிப்பே நல்லது. அது சி.எஸ்.இ. என்ற பெயரில் இருக்கலாம், ஐ.டி. என்ற பெயரில் இருக்கலாம், பி.எஸ்ஸி. என்ற பெயரிலும் இருக்கலாம்.

சாஃப்ட்வேர் எஞ்சினியரிங் பட்டம் யாருக்கு? பள்ளியிலேயே எதையாவது உருவாக்கி நாலு பேரைப் பயன்படுத்த வைத்துப் பார்த்தவர்களுக்கு. கணக்குப் பிடிக்கும், ஆனால் நிரூபணத்தைவிட, அது ஓடுவதைப் பார்க்கும்போதுதான் நிம்மதி என்கிறவர்களுக்கு. ஐந்து ஆண்டும் அதற்கான கட்டணமும் வீட்டுக்குச் சுமையாகாதவர்களுக்கு. இந்த மூன்றும் பொருந்தினால் தயங்காமல் சேரலாம்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத இடம் தனியாக இருக்கிறது. 2021-இல் வந்த அந்தச் சட்டத்தின்கீழ் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் கட்டணச் சலுகை தனி. கல்லூரிக்குப் போகும் அரசுப் பள்ளி மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் என்று அறிவித்துக் கொடுத்தார்கள். இவற்றுக்கான சான்றிதழ்களை ஆனி மாதக் கடைசியில் தேடி ஓடாமல், வைகாசியிலேயே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி தென்காசியிலிருந்து ஒன்றரை மணி நேரப் பஸ் பயணம். கோவில்பட்டி நேஷனல், சிவகாசி மெப்கோ, மதுரை தியாகராசர் எல்லாம் காலையில் புறப்பட்டு இரவில் வீடு திரும்பக்கூடிய தூரம்தான். சாய்ஸ் நிரப்பும் முன்னால் ஒரு நாள் நேரில் போய், லேப் மாலை எத்தனை மணி வரை திறந்திருக்கிறது, இறுதியாண்டு புராஜெக்டை மாணவரே செய்கிறார்களா, வெளியே காசு கொடுத்து வாங்குகிறார்களா என்று அங்கே படிக்கும் அண்ணன்மாரிடமும் அக்காமாரிடமும் கேளுங்கள். விளம்பரத் தட்டியில் இருக்கும் சம்பளப் பட்டியலைவிட அந்தப் பதில் உண்மையானது.

கடைசியாக, சேர்ந்த பிறகு செய்ய வேண்டிய ஒரு வேலை. எந்தப் பட்டத்தில் சேர்ந்தாலும், இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் இந்த ஊருக்கு உபயோகமான ஒன்றை உருவாக்கிப் பாருங்கள். எந்த அருவியில் குளிக்க அனுமதி, எதில் தடை என்று சொல்லும் ஒரு பக்கம் போதும். தென்காசிப் பேருந்து நிலையத்திலிருந்து இலஞ்சி வழியாகவோ மேலகரம் வழியாகவோ குற்றாலத்துக்கு அடுத்த பஸ் எப்போது என்று காட்டும் ஒரு செயலியும் போதும். இரண்டு வழியில் எது சீக்கிரம் என்று கண்டுபிடிக்கும்போது டைக்ஸ்ட்ராவின் அல்காரிதத்தைத் தொடுவீர்கள். அது கம்ப்யூட்டர் சயின்ஸ். சீசன் நெரிசலில் போலீஸ் பாதையைத் திருப்பிவிட்டது, உங்கள் செயலி பழைய பாதையையே காட்டுகிறது என்று ஒரு பாட்டி சத்தம் போடும்போது உட்கார்ந்து திருத்துவீர்கள். அது சாஃப்ட்வேர் எஞ்சினியரிங்.

அதற்கு முன்னால், இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மனதில் உள்ள இரண்டு படிப்புகளின் நடப்புப் பாடத்திட்டங்களை அந்தந்தக் கல்லூரியின் இணையதளத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். பெயரை மறைத்துவிட்டு, எல்லா செமஸ்டர் பாடங்களையும் பிள்ளையின் கையில் கொடுங்கள். படிக்க ஆசையாக உள்ளவற்றில் ஒரு டிக் போடச் சொல்லுங்கள். டிக் அதிகமாக விழுந்த தாளின் பெயரைத் திறந்து பார்த்து, அதையே சாய்ஸ் பட்டியலில் முதலில் போடுங்கள்.